பயணம் எழுதப் பழகுவோம் – 6: போர்வையைப் பிடித்தது யார்?

பயணக் கட்டுரை எழுதப் பழக எங்கே போகலாம் என்று, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிறம்ரனில் என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: எங்கள் ஊர்ப் பழைய செய்தித்தாளைப் படியுங்கள். இந்த எழுத்தின் ஆகச் சிறந்த பாடங்களில் ஒன்று, நூறு வருசத்துக்கு முன்னர் 'ரொறன்ரோ ஸ்ரார்' பக்கங்களில்தான் அச்சானது.

1920 ஜனவரியில், 20 வயதில், அமெரிக்க எழுத்தாளர் ஏர்னெஸ்ட் ஹெமிங்வே ரொறன்ரோவுக்கு வந்தார். முதலாம் உலகப் போரில் இத்தாலியில் காயப்பட்டுத் திரும்பியவர். ஒரு வசதியான வீட்டுப் பையனுக்குத் துணையாக இருக்கும் வேலை கிடைத்திருந்தது. அந்த வீட்டுக்காரரின் அறிமுகத்தால் ஸ்ராரின் வாரப் பதிப்பில் எழுதத் தொடங்கினார். 1921 டிசம்பரில் மனைவியோடு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். எழுதிய கட்டுரைக்குத்தான் காசு. பத்திரிகையே ஓரிடத்துக்கு அனுப்பினால் கிழமைக்கு 75 டொலரும் செலவும். ஸ்பெயினில் சூரை மீன் பிடிப்பது, சுவிற்சர்லாந்துப் பனியில் சறுக்குவண்டி ஓட்டுவது என்று கண்டதையெல்லாம் எழுதினார். ஸ்ராருக்கு எழுதியவற்றில் 172 கட்டுரைகள் 1985இல் ஒரே நூலாக வந்தன. நூலகத்தில் கேட்டு எடுத்துப் படியுங்கள்.

அதில் ஒரு கட்டுரை, ஸ்ராஸ்பூர்க்கிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்து ஜேர்மனியின் கேல் என்ற சிறு பட்டணத்துக்குப் போன ஒரு நாளைப் பற்றியது. ஜேர்மன் மார்க் விழுந்துகொண்டிருந்த 1922. பத்து பிராங்கை மார்க்காக மாற்றுகிறார். அது கனடாக் காசில் ஏறக்குறைய 90 சதம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்த 90 சதத்தில் கணவனும் மனைவியும் நாள் முழுக்கத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். பிறகும் 120 மார்க் மிஞ்சுகிறது. பணவீக்கத்தை விளக்க அவர் பொருளியல் பேசவில்லை. ரொறன்ரோ வாசகரின் பொக்கற்றில் கிடக்கும் சில்லறையைக் காட்டினார். நாங்கள் ஊருக்குப் போய்வந்து எழுதும்போது 'சாமான் எல்லாம் யானை விலை' என்று முடித்துவிடுகிறோம். யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீ என்ன விலை, பக்கத்தில் நின்று கல் அரிகிற மேசனுக்கு நாட்கூலி எவ்வளவு என்று எழுதினால் வாசகர் தானே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது வேறொரு கட்டுரை.

1922 ஒக்ரோபர். கிரேக்க-துருக்கிப் போரில் கிரேக்கம் தோற்றுவிட்டது. கிழக்குத் திரேசிலிருந்து கிறிஸ்தவர்கள் வெளியேறுகிறார்கள். அத்ரியானோப்பிள் நகரத்தில் மரிற்சா ஆற்றுப் பாலத்தைக் கடக்க இருபது மைல் நீளத்துக்கு வண்டிகள். மாடுகளும் எருமைகளும் இழுக்கின்றன, விடாத மழை. ஹெமிங்வே அந்த வரிசையோடு கூடவே நடக்கிறார். ஸ்ராருக்கு அவர் அனுப்பிய செய்தியில் ஒரு வண்டி வருகிறது. அதற்குள் ஒரு பெண் பிள்ளைப்பேற்று நோவில் கிடக்கிறாள். மழை படாமல் புருசன் அவளுக்கு மேலே ஒரு போர்வையை விரிக்கிறான். அத்தனை பெரிய கூட்டத்தில் அவள் ஒருத்தியிடமிருந்துதான் சத்தம் வருகிறது. சின்ன மகள் தாயைப் பார்த்துப் பயந்து அழத் தொடங்குகிறாள். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இதே காட்சியை 1924இல் பாரிசில் வெளியான தன் சிறு நூலிலும் எழுதினார். அங்கே புருசன் இல்லை. போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு சிறுமி, பிடித்தபடியே அழுகிறாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டாவது இன்னும் கூர்மை. மனதை இன்னும் ஆழமாய்க் கிழிக்கிறது. கதைக்காரருக்கு அந்த உரிமை உண்டு. பயணக் கட்டுரை எழுதுகிறவருக்கு இல்லை. நாங்கள் புருசனோடுதான் நிற்கவேண்டும். சிறுமியின் கையில் போர்வையைக் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று ஆசை வரும் இடம் ஒவ்வொரு கட்டுரையிலும் வரும். இரண்டு நாள் நடந்ததை ஒரே நாளாக்குவது, மூன்று ஓட்டோக்காரர் சொன்னதை ஒருவர் வாயில் போடுவது, நாங்கள் கேட்காத பதிலை ஒரு கிழவியின் வாயில் வைப்பது எல்லாம் அந்த ஆசைதான். செய்யாதீர்கள். நான் இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கட்டுரை இன்னொரு விதத்திலும் நெருக்கம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அங்கேயும் மழை, அங்கேயும் ஒரு பாலம், அங்கேயும் நகர முடியாத வரிசை. அதை எழுதியவர்கள் பலர் இலட்சக்கணக்கு என்ற எண்ணோடு நின்றுவிட்டார்கள். ஹெமிங்வே இருபது மைலைச் சொன்ன கையோடு ஒரு வண்டிக்குள் போனார். அந்த நெரிசலில் சைக்கிள் கரியரில் எதைக் கட்டிக்கொண்டு போனீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

இனித் தொழில். ஹெமிங்வேயிடம் படிக்கக்கூடாத ஒன்றும் உண்டு. அதே 1922இல், ஸ்ராரின் செலவில் போன இடத்திலிருந்து, ஏறக்குறைய அதே செய்திகளை ஜோன் ஹாட்லி என்ற பெயரில் ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனத்துக்கும் இரகசியமாக அனுப்பினார். ரொறன்ரோவில் ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தது. ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் விற்பது தப்பில்லை. இருவருக்கும் தெரியாமல் விற்பதுதான் தப்பு. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் வாங்குவது முதல் வெளியீட்டு உரிமையா, முழு உரிமையா? முதல் வெளியீட்டு உரிமை மட்டுமென்றால் பிறகு அதே கட்டுரையை இன்னோர் இதழுக்கும் கொடுக்கலாம், நூலிலும் சேர்க்கலாம். முழு உரிமையையும் கொடுத்துவிட்டால் உங்கள் பயணமே உங்களுடையதில்லை.

அடுத்தது, இலவச ரிக்கற். சுற்றுலாச் சபைகளும் ஹோட்டல்களும் எழுத்தாளர்களைத் தங்கள் செலவில் கூட்டிப்போவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். 'நியூயோர்க் ரைம்ஸ்' அப்படிப் போனவர்களின் பயணக் கட்டுரையை ஏற்பதில்லை. வேறு பத்திரிகைகள், யார் செலவில் போனோம் என்பதைக் கட்டுரையின் அடியில் ஒரு வரியில் அச்சிடச் சொல்கின்றன. தமிழ் இதழ்களில் அந்த வரியை நான் மிக அரிதாகவே காண்கிறேன். வாசகருக்கு அது தெரியவேண்டும். எழுத்தில் வரும் காசு குறைவு என்பதற்காக அந்த வரியை மறைக்கக்கூடாது.

படம் எடுக்கவும் பழகுங்கள். 1940இல் 'உலகம் சுற்றும் தமிழன்' நூலைத் தந்த ஏ.கே. செட்டியார் ரோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 ஒக்ரோபர் 2ஆம் திகதி, நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மூன்று வருசத்தில் எடுத்து முடித்தார். எழுத்தும் கமராவும் ஒருவரிடமே இருந்தால் ஆசிரியருக்குச் செலவு குறையும், உங்களுக்கு வேலை வரும்.

பிறம்ரனிலிருந்து எழுதுகிறவருக்கு இன்னொரு சொல். நாவலாசிரியர் றோகின்ரன் மிஸ்திரி வாழ்கிற ஊர் இது. 2002இல் தன் நாவலுக்காக அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனவர், விமான நிலையம் விமான நிலையமாகத் தன்னை நிறுத்தி விசாரித்ததால் மிச்சப் பயணத்தை இடையில் நிறுத்திவிட்டார். ஆங்கிலப் பயண நூல்களில் பெரும்பாலானவை எல்லைக் கடவையை அரை வரியில் தாண்டிவிடும். எங்கள் கட்டுரையில் அதற்கு இடம் வேண்டும். எந்தக் கடவுச்சீட்டு, என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம் நிற்கவைத்தார்கள் என்பதும் பயணம்தான்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி பிறம்ரனில் 656,480 பேர். பாதிக்கு மேற்பட்டோர் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். இந்த ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் எழுதப்படாத பெரும்பயணம் ஒன்று இருக்கிறது. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீன்பிடிக் கப்ரன் கஸ் டோல்ரனும் கூட்டாளிகளும் காப்பாற்றினார்கள். அந்தப் படகுகளில் வந்தவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பனிமூட்டத்துக்குள் முதலில் கண்ணில் பட்டது என்ன, படகில் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள், டோல்ரனின் வள்ளத்தில் ஏறியதும் குடிக்க என்ன கொடுத்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளால்தான் கேட்டு எழுதமுடியும்.

ஆகவே இந்தக் கிழமை ஒரு வேலை தருகிறேன். வீட்டில் மூத்தவர் ஒருவரோடு இருந்து, அவர் வந்த பயணத்தின் ஒரேயொரு மணித்தியாலத்தை மட்டும் கேளுங்கள். ஐநூறு சொல்லுக்குள் எழுதுங்கள். அவர் சொல்லாத எதையும் சேர்க்காதீர்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகு அனுப்புங்கள். வருகிறவற்றில் மூன்றைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்து, ஒவ்வொன்றின் முதல் பந்தியை எப்படித் திருத்துவது என்று அடுத்த கிழமை எழுதுகிறேன்.