ஃபைல் பெயரை கையால டைப் பண்ணாதீங்க

இன்னிக்கு எபிசோட் சின்னதுதான். ஆனா இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தா, ஒரு ராத்திரி தூக்கமும் கொஞ்சம் சம்பளமும் மிஞ்சியிருக்கும்.

அப்போ ஒரு சின்ன ஸ்டுடியோவுல வேலை. கல்யாண ஆல்பத்துக்குத் தேர்வான 180 போட்டோவோட பெயரையும் எக்செல்ல போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பணும். ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்து டைப் பண்ணேன். நடுராத்திரியில 4817-ஐ 4871-னு அடிச்சிருக்கேன். ஆல்பம் அச்சாகி வந்தா, பொண்ணோட பாட்டி இருக்கவேண்டிய பக்கத்துல யாரோ ஒரு மாமா பந்தியில உட்கார்ந்து அப்பளம் கடிச்சுட்டு இருக்கார்! திரும்ப அடிச்ச செலவு என் கணக்குல.

உண்மையில அது அரை நிமிஷ வேலை. விண்டோஸ்ல அந்த ஃபோல்டரைத் திறந்து, மேல இருக்கிற அட்ரஸ் பார்ல சி-எம்-டி-னு அடிச்சு என்டர் தட்டுங்க. ஒரு கறுப்பு விண்டோ, அதே ஃபோல்டருக்குள்ள திறக்கும். அதுல டி-ஐ-ஆர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் (கேள்விக்குறி இருக்கிற கீ), ஒட்டினாப்ல பி. மறுபடி ஸ்பேஸ், நெட்டுக்குத்தா நிக்கிற கோடு, ஸ்பேஸ், சி-எல்-ஐ-பி. என்டர். எதுவுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். எக்செல்ல போய் பேஸ்ட் பண்ணுங்க, எல்லாப் பெயரும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா விழும். உள்ள ஃபோல்டர் இருந்தா அதோட பெயரும் சேர்ந்து வரும், பார்த்து நீக்கிடுங்க.

ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ல பெயர் வெச்ச ஃபைல்கள் இந்த வழியில வெறும் கேள்விக்குறியா மாறிடலாம். அப்போ ஃபைல்களை செலக்ட் பண்ணி, ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ரைட் க்ளிக் பண்ணுங்க. 'காப்பி ஆஸ் பாத்' வரும். விண்டோஸ் 11-ல கண்ட்ரோல், ஷிஃப்ட், சி போதும். இதுல முழு பாத்தும் வரும். ஃபோல்டர் பகுதியையும் மேற்கோள்குறியையும் எக்செல்ல ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு எடுத்துட்டா பெயர் மட்டும் மிஞ்சும். மேக் வெச்சிருக்கவங்களுக்கு ஆப்ஷன், கமாண்ட், சி.

ஒரே ஒரு பெயர்தான் வேணும்னா எஃப்-2, கண்ட்ரோல் சி, எஸ்கேப். கடைசியில வர்ற ஜேபிஜி மாதிரி எக்ஸ்டென்ஷன் இதுல சேராது.

பைத்தான் எழுதுறவங்க கவனிங்க. விண்டோஸ் பாத்தை அப்படியே கோட்ல ஒட்டினா எர்ரர் வரலாம், ஏன்னா பேக்ஸ்லாஷுக்கு அங்க வேற அர்த்தம். மேற்கோள்குறிக்கு முன்னாடி ஒரு சின்ன ஆர் போட்டா சரியாகிடும். இந்தத் தலைவலி 1983-ல வந்த டாஸ் 2.0 காலத்துது. ஃபோல்டர் வசதி அதுலதான் வந்துச்சு. சாதாரண ஸ்லாஷ் ஏற்கெனவே கமாண்டுகள்ல வேற வேலைக்குப் போயிருந்ததால, பேக்ஸ்லாஷை எடுத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணு, பாத்-ங்கிறது வெறும் முகவரி. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வேலைக்கு அப்ளை பண்றப்போ, போர்ட்ஃபோலியோவை அட்டாச் பண்ணாம பாத்தை மட்டும் மெயில்ல ஒட்டி அனுப்பினான். அதுல இருந்த ஃபோல்டர் பெயர்: 'புது கம்பெனி கிடைக்கலைன்னா'. ஃபைல் போய்ச் சேரலை, ஃபோல்டர் பெயர் போய்ச் சேர்ந்துச்சு.

சரி, அடுத்த வாரம் பார்ப்போம்.