தமிழ்நாட்டில் படச்சுருள் ஒளிப்படக்கலை

தமிழ்நாட்டில் படச்சுருள் ஒளிப்படக்கலை என்பது, வெள்ளி உப்புகள் பூசப்பட்ட படச்சுருளில் ஒளிப்படம் எடுத்து, அதனை வேதிப்பொருட்களால் துலக்கி, அச்சிட்டோ வருடியோ பிறருடன் பகிர்ந்துகொள்ளும் கலையையும், அதில் ஈடுபடும் ஆர்வலர்களின் நடைமுறைகளையும் குறிக்கும். எண்முறை ஒளிப்படக் கருவிகள் பரவிய பின்னர் வணிகப் பயன்பாட்டிலிருந்து இது பெரிதும் மறைந்துவிட்டது. எனினும் ஒரு சாராரிடையே பொழுதுபோக்காகவும் கலையாகவும் தொடர்ந்து வருகின்றது. படச்சுருள், வேதிப்பொருள், வில்லை, பழுதுபார்ப்பவர், இருட்டறை ஆகிய ஐந்தும் ஒரு சங்கிலி போல ஒன்றையொன்று சார்ந்தவை. இவற்றுள் பல எளிதில் கிடைக்காத நிலையில், ஆர்வலர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் அறிவே இக்கலையைத் தாங்கி நிற்கின்றது எனலாம்.

பெயர்

தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் புகைப்படம், நிழற்படம் என்ற சொற்களே மிகுதியாகப் பயன்படுகின்றன. ஒளியால் எழுதப்படும் படம் என்ற பொருளில் ஒளிப்படம் என்ற சொல் இலங்கைத் தமிழ் வழக்கிலும் கலைக்களஞ்சிய வழக்கிலும் உள்ளது. படச்சுருள் பொதுவாக "பிலிம் ரோல்" என்றே அழைக்கப்படும். துலக்கப்பட்ட பின் ஒளியும் நிழலும் இடம்மாறித் தோன்றும் படம் எதிர்படம் அல்லது நெகட்டிவ் எனப்படும்.

படம் உருவாகும் முறை

படச்சுருள் என்பது ஒளி ஊடுருவும் ஒரு நெகிழித் தகட்டின் மேல், வெள்ளி ஆலைடுப் படிகங்கள் கலந்த ஊன்பசை பூசப்பட்ட பொருளாகும். ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய மாற்றம் ஏற்படுகின்றது. இது மறைபடம் எனப்படும். பின்னர் இருட்டில் மூன்று படிகளாக இது துலக்கப்படுகின்றது.

1. உருத்துலக்கி (டெவலப்பர்), ஒளி பட்ட படிகங்களைக் கரிய வெள்ளித் துகள்களாக மாற்றுகின்றது.
2. நிறுத்து கரைசல், அவ்வேதிவினையை முடிவுக்குக் கொண்டுவருகின்றது.
3. நிலைநிறுத்தி, ஒளி படாத படிகங்களைக் கரைத்து நீக்குகின்றது. "ஹைப்போ" என்று பரவலாக அறியப்படும் சோடியம் தயோசல்பேட்டு இதற்குப் பயன்படுகின்றது.

இறுதியில் படச்சுருளை நன்றாக நீரில் அலச வேண்டும். ஹைப்போ எஞ்சியிருந்தால் நாளடைவில் படம் பழுப்பேறி மங்கிவிடும்.

வரலாறு

1839 இல் பிரான்சில் டாகுவேரின் முறை அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே ஒளிப்படக்கலை இந்தியாவுக்கு வந்துவிட்டது. சென்னையில் 1850 இல் கலைப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர், இக்கலையை ஊக்குவித்தவர்களுள் முக்கியமானவர். 1850களின் பிற்பகுதியில் சென்னை ஒளிப்படச் சங்கம் உருவானது. ஆர்வலர்கள் கூடித் தம் படங்களைக் காட்டவும் முறைகளை விவாதிக்கவும் ஏற்பட்ட இந்தியாவின் தொடக்ககால அமைப்புகளுள் இதுவும் ஒன்று.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856 இல் அமர்த்தப்பட்ட லின்னேயசு டிரைப், 1858 இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீள்படமாக அவர் உருவாக்கியது குறிப்பிடத்தக்கது. அவர் பயன்படுத்தியது படச்சுருள் அன்று. மெழுகூட்டிய காகித எதிர்படங்கள் ஆகும். 1888 இல் ஈசுட்டுமனின் கோடக் கருவியும், 1925 இல் 35 மில்லிமீட்டர் படச்சுருளைக் கொண்ட லைக்காவும் விற்பனைக்கு வந்த பிறகே இக்கலை எவரும் கையிலெடுத்துச் செல்லத்தக்கதாக மாறியது.

தமிழ்நாட்டு ஆர்வலர்களுள் தனியிடம் பெற்றவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912-1996). இவர் தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் ஆவார். யானை முதலிய காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்து வந்தார். கடைகளில் கிடைத்த கருவிகள் தம் தேவைக்குப் பொருந்தாததால், வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை இணைத்துத் தாமே ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அதற்கு "சூப்பர் பாண்டரோசா" என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார்.

உதகமண்டலத்துப் படச்சுருள்

இந்தியா தனக்குத் தேவையான படச்சுருளைத் தானே தயாரிக்க வேண்டும் என்ற நோக்கில், 1960 இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் நிறுவப்பட்டது. இதன் தொழிற்சாலை நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில் அமைந்தது. பிரான்சின் போசே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967 இல் உற்பத்தி தொடங்கியது. படச்சுருள் பூச்சில் ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளியாகத் தெரியும் என்பதால், தூசியற்ற குளிர்ந்த காற்றும் தூய நீரும் உள்ள மலைநகரம் இதற்குப் பொருத்தமாக இருந்தது. சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் இந்நிறுவனத்துக்கு ஒரு பிரிவு இருந்தது. 2018 இல் சென்னை மாவட்டத்துடன் சேர்க்கப்படும் வரை அம்பத்தூர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது.

"இந்து" என்ற வணிகப் பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருள், அச்சுத் தாள், திரைப்படச் சுருள், மருத்துவத்துக்கான ஊடுகதிர்ப் படத்தகடு ஆகியவை இங்கிருந்து விற்பனைக்கு வந்தன. ஒளிப்பட நிலையங்களும் மாணவர்களும் வாங்கத்தக்க விலையில் உள்நாட்டுப் படச்சுருள் கிடைத்தது. இந்நிறுவனம் வண்ணப் படச்சுருள் தயாரிப்பில் பெரிய அளவில் காலூன்றவில்லை. பெருங்கடனில் தொடங்கிய விரிவாக்கமும், 1991க்குப் பிந்தைய இறக்குமதிப் போட்டியும் இதனை நலிவுறச் செய்தன. 1996 இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்ட இது, எண்முறைத் தொழில்நுட்பம் பரவிய பின் மீளவில்லை. 2010களில் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு வழங்கப்பட்டு ஆலை மூடப்பட்டது. இதன் பின்னர் இந்திய ஆர்வலர்கள் பயன்படுத்தும் படச்சுருள் இறக்குமதியையே நம்பியுள்ளது.

விரும்பப்படும் கருவிகள்

ஆர்வலர்களின் விருப்பத்தைத் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் என்ன கிடைத்தது என்பதும், இன்று எதைப் பழுதுபார்க்க இயலும் என்பதும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன.

அக்பா கிளிக் 3: இந்தியாவிலும் தயாரிக்கப்பட்ட எளிய பெட்டிக் கருவி. 120 வகைப் படச்சுருளில் சதுர வடிவில் 12 படங்கள் எடுக்கலாம். பல குடும்பங்களில் முதல் ஒளிப்படக் கருவியாக இருந்தது.

யாசிகா மேட் 124ஜி: 1970 முதல் 1986 வரை தயாரிக்கப்பட்ட இரட்டை வில்லைக் கருவி. மேல் வில்லை பார்ப்பதற்கும் கீழ் வில்லை படமெடுப்பதற்கும் உரியவை. இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்த்து எடுக்கும் இவ்வகைக் கருவிகள் ஒளிப்பட நிலையங்களிலும் திருமண வீடுகளிலும் அதிகம் காணப்பட்டன.

செனித்: சோவியத் நாட்டின் கிராசுனகோர்சுக்கில் உருவான ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி. எடை மிகுந்தது, ஆயினும் எளிய அமைப்பும் உறுதியும் கொண்டது.

பென்டாக்சு கே1000 (1976-1997), நிக்கான் எப்எம்2 (1982 இல் வெளியானது), நிக்கான் எப்எம்10: கற்போருக்குப் பரிந்துரைக்கப்படும் கருவிகள். இவற்றின் மூடுகதவு பொறிமுறையால் இயங்குவதால், மின்கலம் தீர்ந்தாலும் படமெடுக்கலாம். ஒளிமானி மட்டுமே இயங்காது.

வில்லைகள்

வில்லையைப் பற்றிய விவாதமே ஆர்வலர்களிடையே மிகுதி. 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லை இயல்பு வில்லை எனப்படும். அக்காலக் கருவிகள் பெரும்பாலும் இதனுடனேயே விற்கப்பட்டன. இன்றும் குறைந்த விலையில் கிடைக்கும் சிறந்த வில்லை இதுவே.

1902 இல் செய்சு நிறுவனத்தில் பால் ருடால்ப் வடிவமைத்த டெசார் அமைப்பு, நான்கே கண்ணாடிகளைக் கொண்டு கூர்மையான படம் தருவது. யாசிகா மேட் கருவியின் வில்லை இவ்வகையைச் சேர்ந்தது. செனித்துடன் வந்த 58 மில்லிமீட்டர் எலியோசு 44 வில்லை, செய்சின் பயோட்டார் அமைப்பிலிருந்து பிறந்தது. இதன் துளையை முழுதும் திறந்து எடுத்தால், பின்னணியிலுள்ள இலைகளும் விளக்குகளும் சுழல்வது போலத் தோன்றும். வில்லை வடிவமைப்பின் நோக்கில் இது ஒரு குறைபாடு. ஆனால் ஆர்வலர்கள் பலர் இவ்வில்லையை வாங்குவது இதற்காகவே.

வில்லை வாங்குமுன் அதன் பொருத்து முறையை அறிவது தேவை. செனித், பழைய பென்டாக்சு ஆகியவற்றில் 42 மில்லிமீட்டர் திருகுப் பொருத்தும், நிக்கானில் 1959 முதல் எப் பொருத்தும், பென்டாக்சில் 1975 முதல் கே பொருத்தும் உள்ளன. இணைப்பு வளையத்தின் உதவியுடன் இவ்வில்லைகளை இன்றைய ஆடியில்லா எண்முறைக் கருவிகளிலும் பொருத்தலாம்.

வடதமிழகக் கடலோரச் சூழல்

சென்னை, திருவள்ளூர் மாவட்டக் கடலோரப் பகுதியின் ஒளியும் தட்பவெப்பமும் படச்சுருள் ஒளிப்படக்கலைக்குத் தனிச் சிக்கல்களைத் தருகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, எண்ணூர், பழவேற்காடு ஆகியவை அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில் ஆலைக் கட்டடங்கள், கழிமுகம், மீன்பிடி படகுகள், 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகள் என்று வேறுபட்ட காட்சிகள் உள்ளன.

வெளிச்சம்: நல்ல வெயிலில் ஒளிமானி இன்றியே அளவிட "வெயில் 16" என்னும் விதி உதவும். துளையை எப்/16 இல் வைத்து, படச்சுருளின் ஐஎசுஓ எண்ணுக்கு நெருங்கிய வேகத்தை மூடுகதவுக்கு அமைக்க வேண்டும். ஐஎசுஓ 100 எனில் ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கு. பழவேற்காட்டின் வெண்மணலும் ஏரி நீரும் ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால், அங்கு வெயில் 16 விதிப்படி துளையை எப்/22 ஆகக் குறைப்பர். ஒளிமானியை நம்பி எடுப்போருக்கு வேறு சிக்கல் உண்டு. மானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதுவதால், மணற்பரப்பைக் காட்டி அளந்தால் படம் இருண்டுவிடும். ஒரு படி கூடுதல் ஒளி கொடுத்து இதனைச் சரிசெய்யலாம்.

வெப்பம்: கறுப்பு வெள்ளைப் படச்சுருளைத் துலக்க 20 பாகை செல்சியசு வெப்பநிலை வழக்கமாகக் குறிக்கப்படுகின்றது. சென்னைக் கோடையில் குழாய் நீரே 30 பாகையைத் தாண்டும். எனவே உருத்துலக்கிக் கலத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் குளிர்விப்பர், அல்லது அட்டவணைப்படி நேரத்தைக் குறைப்பர். எல்லாக் கரைசல்களும் அலசும் நீரும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். திடீர் மாற்றத்தில் ஊன்பசைப் படலம் சுருங்கி வெடிப்புறலாம். மாறாக, வண்ண எதிர்படங்களுக்கான சி-41 முறைக்கு 37.8 பாகை தேவை என்பதால், அதற்கு இவ்வூர்த் தட்பவெப்பம் சாதகமாகவே உள்ளது.

ஈரப்பதம்: வில்லையின் உட்புறத்தில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்வது கடலோர ஆர்வலர்கள் அனைவரும் அஞ்சும் ஒன்று. நாள்பட்டால் இது வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும். கருவியைத் தோல் உறையில் மூடி அலமாரியில் வைப்பதே பூஞ்சைக்கு வழிவிடுகின்றது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா களியுடன் வைப்பதும், அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதும் பாதுகாப்பான முறைகள்.

பகிர்வு நடைமுறை

படச்சுருள் ஆர்வலர்கள் ஒரு படத்தைப் பகிரும்போது கருவி, வில்லை, படச்சுருள், உருத்துலக்கி, துலக்கிய நேரம், வெப்பநிலை ஆகியவற்றையும் சேர்த்தே குறிப்பிடுவது மரபு. எண்முறைப் படத்தில் இவ்விவரங்களுள் பலவற்றைக் கருவியே பதிவு செய்துவிடும். படச்சுருளில் எடுத்தவர் எழுதி வைத்தால்தான் உண்டு. இக்குறிப்புகளால் ஒருவருடைய தவறும் வெற்றியும் மற்றவருக்குப் பாடமாகின்றன. எங்கு வேதிப்பொருள் கிடைக்கும், பழைய கருவிகளுக்கான பாதரச மின்கலத்துக்கு மாற்று யாது, காலாவதியான படச்சுருளுக்கு எவ்வளவு கூடுதல் ஒளி தர வேண்டும் என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் இவ்வாறே பரவுகின்றன. காலாவதியான படச்சுருளுக்குப் பத்தாண்டுக்கு ஒரு படி என்பது பொதுவான கணக்கு. குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டிருந்தால் இவ்வளவு தேவைப்படாது.

எதிர்படங்களின் பாதுகாப்பு

புதிய படங்களைவிட அவசரமானது, ஏற்கனவே எடுக்கப்பட்டவற்றின் நிலையாகும். ஒளிப்பட நிலையங்கள் மூடப்பட்டபோது பல ஊர்களில் எதிர்படங்கள் குப்பைக்கோ, வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்கோ சென்றன. வீடுகளில் எஞ்சியவற்றுக்கும் இடருண்டு. அசிட்டேட்டுத் தகட்டாலான எதிர்படம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, புளிக்காடி வாடையுடன் சுருங்கத் தொடங்கும். தொடங்கிய சிதைவை மாற்ற இயலாது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளிப் படத்தை மங்கச் செய்வதால், தொழிற்பகுதிகளில் கூடுதல் கவனம் தேவை. எதிர்படங்களை நெகிழிப் பைகளில் நெருக்கி அடுக்காமல், அமிலமற்ற காகித உறைகளில் தனித்தனியாக வைத்தல் நலம். வாடை வரும் படங்களை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் வருடி எண்முறைப் படியெடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஒளிப்பட நிலையங்களின் பழைய படங்களை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையுடன் 2010களில் எண்முறையாக்கியது. எனினும் குடும்பங்களிடம் உள்ள எதிர்படங்கள் அவரவர் முயற்சியாலேயே காக்கப்பட வேண்டியவை.

இன்றைய நிலை

கோடாக்குரோம் உற்பத்தி 2009 இல் நின்றது. கோடக் நிறுவனம் 2012 இல் திவால் பாதுகாப்பை நாடியது. அத்துடன் படச்சுருளின் காலம் முடிந்ததாகக் கருதப்பட்டது. ஆயினும் கைவிடப்பட்ட எக்டாக்குரோம் 2018 இல் மீண்டும் வந்தது. 2024 இல் பென்டாக்சு 17 என்ற புதிய படச்சுருள் கருவியும் வெளியானது. சென்னையில் 2016 இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா, ஒளிப்படக்கலையைப் பொதுமக்களிடம் கொண்டு செல்கின்றது. தமிழ்நாட்டில் இறக்குமதிப் படச்சுருளின் விலையும், துலக்கும் நிலையங்களின் குறைவும் புதியவர்களுக்குத் தடையாக உள்ளன. இதனால் கறுப்பு வெள்ளைப் படங்களை வீட்டிலேயே துலக்கிக்கொள்வது பரவியுள்ளது. இதற்கு இருட்டறை கூடத் தேவையில்லை. ஒளி புகாத மாற்றுப் பை ஒன்றும், துலக்கு கலமும், வெப்பமானியும், மூன்று கரைசல்களும் போதுமானவை.

இவற்றையும் பார்க்க

ஒளிப்படவியல்
வில்லை
இருட்டறை
மா. கிருஷ்ணன்
பழவேற்காடு ஏரி