கோப்புச் சீரமைப்பின் வரவு செலவு



கணிப்பொறியில் சேமித்து வைத்த பதிவுகளை எப்பொழுது கலைத்து மறுபடி அடுக்குவது, எப்பொழுது இருந்தபடியே விட்டுவிடுவது என்பது பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இஃது அலுவலக எழுத்தரின் கவலை என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் ஒரு குடியானவரின் நிலவுரிமையே இதில் அடங்கியிருக்கக் கூடும்.

என் ஊராகிய திண்டிவனத்தையே எடுத்துக்கொள்வோம். நெல்லும் மணிலாவும் விளையும் இவ்வட்டத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு புல எண் உண்டு. தந்தையின் நிலம் மக்கள் மூவருக்குப் பாகமானால் 25 என்னும் எண், 25/1, 25/2, 25/3 எனப் பிரியும். அவர்களுள் ஒருவர் தம் பங்கில் பாதியை விற்றால் அதுவும் இரண்டாகும். பதிவேட்டில் 25-க்கும் 26-க்கும் நடுவே இத்தனை வரிகளுக்கு இடம் ஏது? புதிய வரிகளைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, பழைய வரிக்கு எதிரே ஒரு குறிப்பு இடுவதே வழி. ஆண்டுகள் செல்லச் செல்லக் குறிப்புகள் பெருகும். ஒரு நிலத்தைத் தேடுபவர் ஏடு முழுவதையும் புரட்ட நேரும்.

கணிப்பொறியின் தரவுத்தளமும் பெரும்பாலும் இவ்வாறே நடந்துகொள்கிறது. பதிவுகள் அங்கே பக்கம் பக்கமாக எழுதப்படுகின்றன. ஒரு பக்கம் நிரம்பிய பின் வரும் பதிவு வேறிடத்துக்குப் போகிறது. நீக்கிய பதிவின் இடம் வெற்றிடமாகக் கிடக்கிறது. முன்பு பத்துப் பக்கங்களில் அடங்கிய விடை, நாளடைவில் நாற்பது பக்கங்களில் சிதறிவிடுகிறது. எல்லாப் பதிவுகளையும் படித்து, வரிசைப்படுத்தி, வெற்றிடங்களை நீக்கி, புதிதாக எழுதிவைப்பதே சீரமைப்பு.

அதன் பயன் தெளிவானது: தேடல் விரைவாகும், இடம் மிச்சமாகும். செலவோ பல முகங்களை உடையது. பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒருங்கே இருக்க இடம் வேண்டும். பதிவுகள் இடம் மாறினால், அவை இருக்குமிடத்தைக் காட்டும் சுட்டுப் பட்டியல்களையும் புதுப்பித்தல் வேண்டும். முன்னெச்சரிக்கையாக ஒரு நகலும் எடுத்தல் வேண்டும். சில முறைகளில் பணி முடியும் வரையில் அலுவலகத்துக்கு வருவோர்க்கு விடை சொல்லவும் இயலாது. இத்தனையும் செய்த பின்னர்ப் பயன் சிறிதாகவே இருத்தலும் கூடும். சுட்டுப் பட்டியலின் துணைகொண்டு ஒரேயொரு பதிவை மட்டும் எடுப்போர்க்குச் சிதறலால் தொல்லை குறைவு. சுழலும் தட்டில்லாத இக்காலச் சேமிப்புக் கருவிகளிலும் அவ்வாறே.

அப்படியாயின், சீரமைப்புக்கு உரிய காலம் எது? ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சீரமைக்க 200 நிமிடம் ஆகிறது என்றும், சீரமைத்த பின் முதல் நாள் 1 நிமிடம், இரண்டாம் நாள் 2 நிமிடம் என நாள்தோறும் தாமதம் வளர்கிறது என்றும் கொள்வோம். பத்து நாளுக்கு ஒருமுறை சீரமைத்தால், தாமதம் 55, சீரமைப்பு 200, ஆக மொத்தம் 255 நிமிடம், நாளொன்றுக்கு 25.5. நாற்பது நாள் காத்திருந்தாலோ, தாமதம் 820 ஆகி, மொத்தம் 1020 நிமிடமாகிறது. நாளொன்றுக்கு அதே 25.5. இருபது நாளுக்கு ஒருமுறை சீரமைத்தால் மொத்தம் 410, நாளொன்றுக்கு 20.5 மட்டுமே. அவசரப்படுபவரும் சோம்பியிருப்பவரும் ஒரே நட்டத்தை அடைகின்றனர்! இருபதாம் நாளில் சேர்ந்த தாமதம் 210 நிமிடம். சீரமைப்பின் செலவோ 200. சேர்ந்த நட்டம் சீரமைப்பின் செலவை எட்டும்பொழுதே உரிய காலம் வருகிறது என்பது இத்தகைய கணக்கின் விடை. அமெரிக்கக் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன், தரவுத்தளத்தைச் சீரமைக்கத் தக்க காலம் எது என்பதை ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார்.

ஆனால் நிமிடக் கணக்கில் அகப்படாத செலவு ஒன்றும் உண்டு, அதுதான் பிழை. நம் மாநிலத்தில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. யு.டி.ஆர். என்று ஊரார் சொல்வது இதனையே. இறந்துபோன பாட்டனார் பெயரிலும், பலர் சேர்ந்த கூட்டுப் பட்டாவிலும் கிடந்த நிலங்களை, இருப்பவர் பெயருக்கு மாற்றுவது அதன் நோக்கம். நோக்கம் நன்று, பயனும் பெரிது. எனினும், அப்பொழுது நேர்ந்த பெயர்ப் பிழை, பரப்பளவுப் பிழை, எண் பிழை ஆகியவற்றைத் திருத்தக் கோரும் மனுக்கள் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வருவாய்த்துறைக்கு வந்துகொண்டே இருந்தன. பத்திரத்தில் ஓர் உட்பிரிவும் பட்டாவில் வேறோர் உட்பிரிவும் இருந்தால், நிலத்தை விற்பதும் கடன் பெறுவதும் அந்தக் குடும்பத்துக்கு எத்துணைத் துன்பம்!

கணிப்பொறிச் சீரமைப்பு அடுக்கை மட்டும் மாற்றுவது; மேற்கண்ட திட்டமோ உள்ளடக்கத்தையும் மாற்றியது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அது நமக்கு மூன்று பாடங்களைத் தருகிறது. அடுக்குவதையும் திருத்துவதையும் ஒரே வேளையில் செய்தல் ஆகாது. செய்தால், பிழை எதனால் வந்தது என்று அறிவது கடினம். பழைய எண்ணுக்குப் புதிய எண் இன்னது எனக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை எக்காலமும் காத்தல் வேண்டும். புதிய கோப்பைச் சரிபார்த்து முடிக்கும் வரையில் பழையதை அழித்தல் ஆகாது.

பதிவுகள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் தோன்றியது. 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. நாளை இத்தகைய ஏடுகளைக் காக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வரும். அப்பொழுது, சீரமைத்தால் எத்தனை நிமிடம் மிச்சம் என்று கணக்கிடுங்கள். அதனோடு, ஒரு வரி தவறினால் எவருடைய வயல் தவறும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து நிறுத்தால்தான் தராசு நேராக நிற்கும்.