பென்டிரைவில் ஒரு செருகுநிரல்

பேராதனையில் அக்பர் பாலத்தைக் கடந்து பொறியியல் பீடத்துக்குள் நுழையும் மாணவியின் லெப்டொப், எடுரோம் என்ற பல்கலைக்கழக வைஃபை வலையமைப்பில் தானாகவே சேர்ந்துகொள்ளும். அந்த இணைப்பைத் தருவது லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு. 1990இல் பல்கலைக்கழகங்களுக்கான மின்னஞ்சல் வசதியாகத் தொடங்கிய அது, இன்று பேராதனை வளாகத்திலிருந்துதான் இயங்குகிறது. அங்கே உட்கார்ந்து நிரலாக்கச் சூழலில் பிளகின் எனப்படும் செருகுநிரல் ஒன்றை நிறுவுவது பெரிய வேலையே இல்லை. பெயரைத் தேடி, பொத்தானை அழுத்தினால் முடிந்தது. விடுமுறைக்கு அதே மாணவி கலஹாவுக்கோ புசல்லாவைக்கோ நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள தோட்டமொன்றுக்கோ திரும்பினால் கதை மாறிவிடும். மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் இருக்கும், அந்தப் பக்கம் இராது. போனின் ஹொட்ஸ்பொட்டில் பாதி இறங்கிய கோப்பு அப்படியே நிற்கும்.

செருகுநிரலைக் கூடுதல் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. மைக்ரோசொப்ட் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட், சுருக்கமாக வி.எஸ். கோட், வெறுமனே நிறுவியதும் கோப்பைத் திறக்கும், எழுதவிடும், நிறம் பிரித்துக் காட்டும். பைதன் நிரலை வரி வரியாக நிறுத்திப் பிழை பார்ப்பதற்கும், ஜாவா வகுப்பொன்றின் உறுப்புகளைத் தட்டச்சு செய்யும்போதே எடுத்துத் தருவதற்கும், மைக்ரோகொன்ட்ரோலருக்கு நிரலை ஏற்றுவதற்கும் தனித்தனிச் செருகுநிரல்கள் வேண்டும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகள் தமிழ் மொழிமூலத்திலேயே பைதன் படிக்கிறார்கள். பாடத்தை நன்றாக விளங்கிக்கொண்ட பிள்ளைகூட வீட்டுக் கணினியில் இந்த முதற்படியிலேயே நின்றுவிட இடமுண்டு. திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதனாலேயே இது என்னை வருத்துகிறது.

நம் நாட்டு இணையப் பொதிகள் பலவற்றில் பகல் டேட்டா ஒரு கணக்கு, நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டா வேறு கணக்கு. பெரிய கோப்புகளை நள்ளிரவு தாண்டி இறக்குவது மாணவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் வரும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது இரவு டேட்டாவும் கைகொடுக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் வீதி, மின்சாரம், தொலைத்தொடர்பு மூன்றையும் சேர்த்தே அறுத்தன. நிறுவும் பொத்தானை வடிவமைத்தவர்கள் இப்படியான ஊர்களை மனதில் வைத்து அதை வடிவமைக்கவில்லை.

ஆனால் அந்தப் பொத்தான் மட்டுமே வழி என்றில்லை. செருகுநிரல் என்பது கடைசியில் ஒரு கோப்புதான். ஒருவர் ஒருமுறை இறக்கினால் நாற்பது கணினிகளில் நிறுவலாம். இதைக் கண்டிப் பக்கத்து ஒவ்வொரு பாடசாலைக் கணினி அறையிலும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

செருகுநிரல் விஷயத்தில் இலங்கையருக்கு நல்ல பழைய அனுபவமும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 2001 நவம்பரில் எக்லிப்ஸ் என்ற நிரலாக்கச் சூழலைத் திறந்த மூலமாக வெளியிட்டது. சிறிய கரு ஒன்றைத் தவிர அதில் மற்ற எல்லாமே செருகுநிரல்கள். ஜாவா எழுதும் வசதியே ஒரு செருகுநிரல் தொகுதிதான். 2004இல் வந்த 3.0 பதிப்பு ஓ.எஸ்.ஜி.ஐ. என்ற கட்டமைப்புக்கு மாறியது. ஒவ்வொரு செருகுநிரலும் தன் பெயர், பதிப்பு, தனக்குத் தேவையான மற்றவை ஆகியவற்றை ஒரு சிறு பட்டியலாகத் தன்னோடு கொண்டுவரும் ஒழுங்கு அது.

அதே காலத்தில் கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் இயங்கிக்கொண்டிருந்தது. ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண முன்னின்று 2003இல் தொடங்கியது அது. அங்கிருந்த இளம் பொறியியலாளர்கள் அப்பாச்சி அக்சிஸ்2 என்ற இணையச் சேவை மென்பொருளின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார்கள். அக்சிஸ்2 தன்னோடு இரண்டு எக்லிப்ஸ் செருகுநிரல்களையும் கொண்டுவந்தது. ஒன்று சேவையைப் பொதி செய்யும், மற்றது நிரலை உருவாக்கித் தரும். அவற்றை நிறுவும் முறை இதுதான்: சிப் கோப்பை விரித்து, எக்லிப்ஸின் பிளகின்ஸ் கோப்புறைக்குள் போட்டு, எக்லிப்ஸை மூடித் திறக்க வேண்டும். கோப்பு கையில் வந்த பிறகு இணையம் தேவையே இல்லை. வீரவரண 2005இல் சகாக்களோடு தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் தன் கார்பன் தளத்தையே அந்த ஓ.எஸ்.ஜி.ஐ. மீதுதான் கட்டியது. அதன் பலரீனா நிரல்மொழிக்கு இன்று வி.எஸ். கோட் செருகுநிரல் இருக்கிறது. உலகத்துக்கு நிரலாக்கக் கருவி செய்து கொடுத்த நாட்டில், அதை நிறுவ முடியாமல் ஒரு பிள்ளை தவிப்பது பொருந்தவில்லை.

எக்லிப்ஸில் இன்று கோப்புறைக்குள் போடும் பழைய முறை தேவைப்படாது. உதவிப் பட்டியலில் புதிய மென்பொருளை நிறுவும் தெரிவுக்குப் போனால், இணைய முகவரிக்குப் பதிலாகக் கணினியில் உள்ள சிப் கோப்பையே மூலமாகக் காட்டலாம். அதே சாளரத்தின் அடியில் ஒரு சிறு கட்டம் உண்டு. தேவையான மென்பொருளைத் தேட எல்லா இணைய மூலங்களையும் தொடர்புகொள்ளவா என்று அது கேட்கும். இயல்பாக அதில் சரி அடையாளம் இட்டிருக்கும். இணைப்பு மந்தமான இடத்தில் நிறுவல் அசையாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் அந்த அடையாளம்தான் காரணம். பல முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிலுக்குக் காத்திருக்கும். அதை எடுத்துவிட்டால், சார்ந்த பொதிகள் எல்லாம் சிப்புக்குள் இருக்கும் பட்சத்தில், வேலை சீக்கிரம் முடியும்.

வி.எஸ். கோட் செருகுநிரல் வி.எஸ்.ஐ.எக்ஸ். என்ற கோப்பாக வருகிறது. உள்ளே பார்த்தால் அதுவும் ஒரு சிப்தான். இணையம் உள்ள இடத்தில், செருகுநிரலின் பெயர்மீது வலது பொத்தானை அழுத்தினால் அதைக் கோப்பாக இறக்கும் தெரிவு வரும். பென்டிரைவில் கொண்டுபோய், செருகுநிரல் பலகையின் மேலுள்ள மூன்று புள்ளிப் பட்டியலில் வி.எஸ்.ஐ.எக்ஸிலிருந்து நிறுவு என்பதைத் தெரிவு செய்தால் போதும். சில செருகுநிரல்கள் விண்டோஸ், லினக்ஸ், மெக் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பாக வரும். கணினி அறையில் இருப்பது எதுவென்று பார்த்து இறக்க வேண்டும். இப்படி நிறுவியது இயல்பாகத் தானாகப் புதுப்பிக்காது. டேட்டா மிச்சம்தான், ஆனால் புதிய பதிப்பைக் கவனிக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. பைசார்ம், அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ ஆகியவற்றிலும் வட்டிலிருந்து செருகுநிரல் நிறுவும் வசதி உண்டு. முறை ஏறக்குறைய ஒன்றே.

சில செருகுநிரல்கள் ஏமாற்றும். மைக்ரோகொன்ட்ரோலர்களுக்கான பிளாட்போர்ம் ஐ.ஓ.வை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு சிறியது, உடனே ஏறிவிடும். முதல் செயற்றிட்டத்தைத் திறந்ததும் நிரல்மாற்றிகளையும் நூலகங்களையும் தேடி இணையத்துக்குப் போகும். அவைதான் பெரியவை. இத்தகையவற்றைப் பல்கலைக்கழக இணைப்பில் இருக்கும்போதே நிறுவி, ஒரு மாதிரிச் செயற்றிட்டத்தை முழுமையாக ஓட்டிப் பார்த்துவிட்டே ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

கோப்பு கைமாறும் இடத்தில் ஆபத்தும் கைமாறும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வி.எஸ். கோட் செருகுநிரல், அந்தச் செயலிக்கு உள்ள அதே அனுமதிகளோடு ஓடுகிறது. உங்கள் கோப்புகளைப் படிக்கவும் வெளியே அனுப்பவும் அதனால் முடியும். அக்வா என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டியர் என்ற பிரபல செருகுநிரலின் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்துப் போலி ஒன்றைச் செய்து, சோதனைக்காக அதிகாரபூர்வச் சந்தையிலேயே ஏற்றினார்கள். இரண்டு நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவல்கள் நடந்ததாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் சீனாவில் நடந்தது. ஆப்பிளின் எக்ஸ்கோட் பல ஜிபி அளவுள்ளது. ஆப்பிளின் சேவையகத்திலிருந்து இறக்க நீண்ட நேரம் எடுத்ததால், நிரலாளர்கள் பைடு கோப்புப் பகிர்வில் கிடைத்த பிரதிகளை எடுத்தார்கள். அவற்றில் தீநிரல் கலந்திருந்தது. அந்தப் பிரதியில் கட்டிய செயலிகளெல்லாம், வீசாட் உட்பட, தீநிரலைச் சுமந்துகொண்டு ஆப்பிளின் செயலிக் கடைக்குள் போயின. 2015 செப்டெம்பரில் அது வெளிப்பட்டது. அந்த நிரலாளர்கள் அலட்சியமானவர்கள் அல்லர். மெதுவான இணைப்பு அவர்களைக் குறுக்குவழிக்குத் தள்ளியது. கண்டி மலைகளிலும் அதே நெருக்கடிதான் இருக்கிறது.

ஆகவே வாட்ஸ்அப் குழுவில் வந்த கோப்பை நம்பி நிறுவக்கூடாது. சோதித்த பிரதிகளை வைக்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும். அதற்குப் பேராதனையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 2020இல் கொவிட் வந்து பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, டேட்டா செலவில்லாமல் மாணவர்கள் சூம் வகுப்புகளில் சேர வழிசெய்தது இதே லேர்ன். லேர்னின் சேவையகங்களில் பாடத்துக்கு வேண்டிய செருகுநிரல்களுக்கு ஓர் அறை ஒதுக்கி, பாடசாலை ஆசிரியர்களுக்கும் அதைத் திறந்துவிடலாம். எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்க உரிமம் இடங்கொடாது. மைக்ரோசொப்ட்டின் சொந்தச் செருகுநிரல்கள் சிலவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் வி.எஸ்.எக்ஸ். களஞ்சியத்தில் திறந்த உரிமம் உள்ளவை ஏராளம் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்கலாம்.

அங்கே வைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் வெளியீட்டாளர் பெயர், பதிப்பு, எந்தச் சூழலின் எந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்பது, இறக்கிய தேதி, சரிபார்ப்பு எண் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்க வேண்டும். விண்டோஸில் சேர்ட்யூட்டில் என்ற கட்டளை அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும். லினக்ஸில் அதற்கான கட்டளை ஏற்கனவே உள்ளது. ஹட்டனிலோ மாத்தளையிலோ இருக்கும் ஆசிரியர் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்த கோப்பின் எண்ணையும் அங்கே எழுதியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் மட்டும் தன் கணினி அறையில் நிறுவத் தொடங்கலாம்.