பழைய பெட்டிக்குள் எதை மாற்றுவது?

2018, 2019 வாக்கில் சென்னை ரிச்சி தெருவில் குறைந்த விலைக்கு அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்தால், பெரும்பாலும் இந்தக் கூட்டணிதான் இருக்கும்: ஏஎம்டி ரைசன் 3 2200ஜி பிராசஸர், ஒற்றை 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. காலேஜ் ப்ராஜெக்டுக்கும் அன்றைய கேம்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. இன்றைக்குப் புது கேமை ஏற்றினால் திணறுகிறது. செல்போனில் எடுத்த 4கே வீடியோவை டைம்லைனில் போட்டால் சத்தம் முன்னால் போக, படம் பின்னால் நொண்டுகிறது.

கடைக்கு எடுத்துப்போனால் ‘மொத்தமா மாத்திடுங்க சார்’ என்பார்கள். அதற்கு அவசியமில்லை. இந்த மதர்போர்டில் இருப்பது ஏஎம்4 சாக்கெட். 2017-ல் முதல் ரைசன் உட்கார்ந்த அதே சாக்கெட்டில் 2022-ல் வந்த ரைசன் 5 5600-ம் உட்காரும். இன்டெல்லில் இந்த யோகம் குறைவு. பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை போர்டையே தூக்கிப் போட வேண்டிவரும்.

எதை மாற்றுவது என்று கேட்பதற்கு முன், எது எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்தாலே தெரிந்துவிடும். ஒரே பெட்டிதான்; ஆனால் கேமுக்கு முட்டுகிற இடம் வேறு, எடிட்டிங்குக்கு முட்டுகிற இடம் வேறு.

இரண்டுக்கும் பொதுவான முட்டுக்கட்டை ரேம். 2200ஜி-க்குள் இருக்கும் வேகா கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2400 வேக டிடிஆர்4 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி தகவல்தான் போய்வரும். பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிற நிலைமை. இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் வழி இரண்டாகி 38.4 ஜிபி ஆகிறது. வேறு எதையும் தொடாமலே கேம் கண்ணுக்குத் தெரிகிற அளவு சீராகும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால், பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பழைய ஒற்றை வழியே மிஞ்சலாம்.

ஹார்டு டிஸ்க் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்ட். அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஃபைல்களை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் தேடி எடுக்க அதனால் ஆகாது. விண்டோஸையும் கேமையும் எடிட்டிங் ப்ராஜெக்டையும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, முடிந்த வீடியோக்களைப் பழைய டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.

எடிட்டிங்குக்கு ஒரு பைசா செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. எச்.264, எச்.265 வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முழுப் படங்கள்; நடுவில் இருப்பவை ‘முந்தையதிலிருந்து இவ்வளவு மாறியது’ என்ற குறிப்புகள்தான். டைம்லைனில் ஓரிடத்தில் கிளிக் செய்தால், கம்ப்யூட்டர் பின்னால் போய் ஒரு முழுப் படத்தைப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். திணறல் இங்கேதான். ப்ராக்ஸி என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. வெட்டி ஒட்டச் சுலபமான ஒரு சிறு நகலை உண்டாக்கி அதில் வேலை செய்துவிட்டு, கடைசியில் எக்ஸ்போர்ட்டை மட்டும் அசலிலிருந்து எடுப்பது. பிரீமியர் ப்ரோவிலும் இலவச டாவின்சி ரிசால்வ்விலும் இது உண்டு. இதைச் செய்து பார்க்காமல் எடிட்டிங்குக்காகக் கார்டு வாங்குவது வீண் செலவு என்பேன்.

கேமுக்கு அந்த வைத்தியம் செல்லாது, கார்டு வேண்டும். அதற்கு முன் பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். கார்டும் பிராசஸரும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டுமே 132 வாட் கேட்கும். ஆகவே கார்டுக்கு முன்னால் நல்ல எஸ்எம்பிஎஸ்.

அதைவிட மலிவாக ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அதற்கு நான்கே பிசிஐஇ பாதைகள், பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் அவற்றின் வேகமும் பாதியாகிறது. போதாக்குறைக்கு, வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடரே அதில் கிடையாது. கேமும் எடிட்டிங்கும் வேண்டும் என்பவர் தவிர்க்க வேண்டிய கார்டு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கார்டு வந்ததும் மூச்சு வாங்கப்போவது 2200ஜி-யின் நான்கு கோர்கள். ரைசன் 5 5600-ல் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். 2200ஜி விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பிராசஸரை மாற்ற இதுவும் ஒரு காரணம். ஆனால் 5600-க்குள் கிராஃபிக்ஸ் இல்லை, கார்டு இல்லாமல் போட்டால் திரையில் ஒன்றும் வராது. பயாஸையும் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசஸர் பட்டியலைப் பார்த்தால் எந்த பயாஸ் தேவை என்று இருக்கும்.

கழற்றும்போதும் நிதானம் தேவை. ஏஎம்4 பிராசஸரின் அடியில் 1331 பின்கள். பல வருடத்துத் தெர்மல் பேஸ்ட் இறுகியிருக்கும். கூலரை நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். சிறிது நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, மின் வயரைக் கழற்றிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யுங்கள். சில போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். பயாஸ் அப்டேட் செய்தால் அது பெரும்பாலும் ஆஃப் ஆகிவிடும். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேமை 2133-லோ 2400-லோ ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.