நாய்களில் கலப்புச் சேர்க்கையும் தேக நலமும்

தாமிரபரணிப் பாசனக் கிராமங்களில் நெற்களத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் ஆட்டுக்கிடைக்கும் இரவில் துணை நிற்பது காவல் நாயாகும். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை தென்பாண்டிச் சீமைக்கே உரிய ஜாதிகள். இவற்றை அல்சேஷியன், லாப்ரடார் முதலிய சீமை நாய்களுடன் சேர்த்துவிட்டால், பிறக்கும் குட்டிகளுக்கு வியாதியே அணுகாது என்று சிலர் கருதுகின்றனர். இக்கருத்து பாதியளவே உண்மையாகும்.

இராஜபாளையம் 1910-ம் ஆண்டு வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர். அவ்வூர் நாய்களில் தூய வெண்ணிறமும் சிவந்த மூக்கும் உடையனவே உயர்ந்தவையென மதிக்கப்படுகின்றன. நிறந்தரும் அணுக்கள் உட்செவிக்கும் அவசியமானவை. அவை அங்கு இல்லாவிடில், பிறந்த சில வாரங்களுக்குள் குட்டி செவிடாகிவிடும். செவிட்டு நாய் காவலுக்கு உதவாது. உடன்பிறந்த நாய்களையே இணைப்பதால் இத்தகைய குறைகள் மிகும். அவ்வாறு பிறந்த குட்டியின் பரம்பரைக் கூறுகளில் சராசரியாக நூற்றுக்கு 25 பங்கு இருபுறமும் ஒன்றாகவே அமைந்து, மறைந்திருந்த குறை வெளிப்படுகிறது.

வேற்று ஜாதியுடன் சேர்க்கும்போது, ஒரு பெற்றோரிடம் மட்டுமுள்ள அத்தகைய குறை மறைந்து நிற்கும், அழிந்துவிடாது. இருபுறமும் உள்ள குறையோ மறைவதும் இல்லை. அல்சேஷியன், லாப்ரடார் ஜாதிகளில் காணும் இடுப்பு மூட்டுக் கோளாறு கலப்புக் குட்டிகளுக்கும் வரக்கூடும். அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையார் 24 பரம்பரை வியாதிகளை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 10 வியாதிகள் ஜாதி நாய்களிடத்தும், 1 கலப்பு நாய்களிடத்தும் மிகுந்திருந்தன. எஞ்சிய 13-ல் வேற்றுமை இல்லை.

ஒட்டுச் சோளத்தின் மணியையே மறுபடி விதைத்தால் முதற்போகத்தின் வீரியம் கிட்டாதென்பது குடியானவர் அறிந்ததே. கலப்பு நாய்களைத் தமக்குள்ளேயே சேர்ப்பதும் அவ்வாறே. குட்டிகள் பலவிதமாய்ப் பிரிந்து, சுதேச ஜாதியின் குணமும் கெடும்.

ஆதலின் சுதேச ஜாதியைப் பேண விரும்புவோர், அதே ஜாதியில் இரத்த உறவில்லாத ஆண் நாயை வேற்றூரிலிருந்து தேடுதல் நலம். பெற்றோர் இரண்டின் செவியையும் நடையையும் முன்னரே சோதித்தல் வேண்டும். குட்டிகளுக்கு ஆறு வாரமானதும், ஒவ்வொன்றையும் தனியே விட்டு, அதன் பார்வையில் படாமல் பின்னின்று கைதட்டிப் பார்க்கலாம். ஒரு செவி மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். ஐயமிருப்பின் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆலோசனை பெறலாம். செவிட்டு நாயை இனவிருத்திக்கு விடலாகாது. சேர்க்கைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும்படி வளர்ப்போருக்குக் கிராம அலுவலர்கள் எடுத்துரைத்தல் நன்று. நிறத்தைக் காட்டிலும் செவியே காவல் நாய்க்கு முதன்மையானது.