ஒரே மரத்துக்கு இரு கேள்விகள்: பிரிட்டன், ஜெர்மனி இறக்குமதி விதிகளால் பாலக்காடு, இடுக்கி விவசாயிகளுக்கு என்ன பாதிப்பு?

இடுக்கி: வெப்பமண்டல மரங்களை இறக்குமதி செய்வதில் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒரு காலத்தில் ஒரே விதியைப் பின்பற்றின. இப்போது இரு நாடுகளின் வழிகளும் பிரிந்துவிட்டன. இதன் தாக்கம் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி விவசாயிகளின் நில ஆவணங்கள் வரை நீள்கிறது.

என்ன வேறுபாடு?

2013 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், சட்டவிரோதமாக வெட்டப்பட்ட மரத்தை விற்பதற்குத் தடை இருந்தது. ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டன் அதே விதியைத் தன் சட்டமாக்கிக்கொண்டது. அங்கு கேட்கப்படும் கேள்வி, 'இந்த மரம் சட்டப்படி வெட்டப்பட்டதா?' என்பது மட்டுமே.

ஜெர்மனி உள்ளிட்ட ஒன்றிய நாடுகளுக்கு 2023-இல் புதிய காடழிப்புத் தடுப்பு விதி வந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த பொருளாக இருக்கக் கூடாது என்பது அதன் கூடுதல் நிபந்தனை. விளைநிலத்தின் புவியிட விவரத்தையும் இறக்குமதியாளர் தர வேண்டும். இருமுறை தள்ளிவைக்கப்பட்ட இந்த விதி, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வரும் என நிர்ணயிக்கப்பட்டுள்ளது.

யாருக்குப் பாதிப்பு?

மரத்துடன் காபி, ரப்பர், கோகோ ஆகியவையும் ஒன்றியத்தின் பட்டியலில் உள்ளன. எனவே நெல்லியாம்பதியின் காபியும் இடுக்கியின் ரப்பரும் இந்த வரம்புக்குள் வருகின்றன. ஏலக்காயும் மிளகும் பட்டியலில் இல்லை. இந்திய காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று என்பதால், காபி வாரியமும் ரப்பர் வாரியமும் விவசாயிகளின் நிலங்களைப் பதிவு செய்யும் பணியைத் தொடங்கியுள்ளன.

இந்தியாவை 'குறைந்த ஆபத்து' உள்ள நாடாக ஐரோப்பிய ஆணையம் 2025 மே மாதம் வகைப்படுத்தியது. இதனால் சோதனைகள் குறையும். ஆனால் நிலத்தின் இட விவரம் தருவதிலிருந்து விலக்கு இல்லை.

சிக்கல் எங்கே?

இரு நாடுகளின் கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றே: வெட்டவும் பயிரிடவும் உரிமை உள்ளதா? மலையோரப் பகுதிகளில் இதற்கு விடை எளிதன்று. கேரள நில ஒதுக்கீட்டு விதிகள், 1964-இன் கீழ் பட்டா பெற்ற நிலங்களில் தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்ற மரங்களின் உரிமை அரசிடமே உள்ளது. இவ்விதியைத் தளர்த்தி 2020 அக்டோபரில் வெளியான அரசாணை, ஈட்டி மரங்கள் பரவலாக வெட்டப்பட்டதையடுத்து 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. வயநாட்டின் முட்டில் வழக்கு அதன் தொடர்ச்சியே.

ஈட்டி மரம் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் உள்ளது. அதற்கான அனுமதிச் சான்று இருந்தால் பிரிட்டனில் அந்த மரம் சட்டபூர்வமானதாகவே கருதப்படும். ஒன்றியத்தின் புதிய விதியிலோ அச்சான்று மட்டும் போதாது.

பழைய தொடர்பு

ஐரோப்பாவுடனான மரத் தொடர்பு இப்பகுதிக்குப் புதிதல்ல. பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடிக்கு, 1907 முதல் 1963 வரை, டிராம்வே வழியாகத் தேக்கு கொண்டுசெல்லப்பட்டது. அதில் ஓடியவை ஜெர்மனியில் தயாரான இன்ஜின்கள். அன்று, மரம் எந்த நிலத்தில் வளர்ந்தது என்று வாங்குவோர் கேட்கவில்லை. புதிய விதி நடைமுறைக்கு வந்தால், அந்தக் கேள்விக்கு விடையில்லாத சரக்கு ஜெர்மனியின் சந்தைக்குள் நுழைய முடியாது.

பெரிய தோட்டங்களிடம் இதற்கான வரைபடங்களும் ஆவணங்களும் இருக்கும். பட்டா நிலுவையில் உள்ள சிறு விவசாயிகளுக்கு, நில ஆவணம் சீராவதே ஐரோப்பியச் சந்தைக்கான முதல் படி.